சங்கரன்கோவிலில் சேராத எலும்பு

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததுமே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஊர்ல விசேஷமாம்மா?"

"இல்லைங்க. தம்பிக்குக் கால் ஒடிஞ்சிருச்சு."

"அடடா! எப்போ?"

"போன வருஷம்."

அவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். ஒடிந்த கால் மூன்று நான்கு மாதத்தில் சேர்ந்துவிடும் என்பது ஊரறிந்த கணக்கு. என் தம்பி சங்கரனுக்கு அது பொருந்தவில்லை. திருவேங்கடம் பக்கம் இருக்கிற எங்கள் கரிசல் காட்டைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பியபோது கிடை ஆடுகள் குறுக்கே பாய்ந்ததில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு சேரவில்லை. கம்பியை மாற்றினார்கள். அப்போதும் சேரவில்லை. போன மாதம் கோலாலம்பூரில் இருக்கிற எனக்குப் போன் போட்டு, "யக்கா, ஸ்டெம் செல்னு ஒரு ஊசி இருக்காம். போட்டா சேந்துருமாம். உளுந்துக் காட்டை வித்துட்டுப் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றான். நான் அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் சங்கரன்கோவிலில் இறங்கினேன். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. ஊரே தெருவில் இருந்தது. ஆட்டோக்காரர் பூ மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு, தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் விட்டு, என் பெட்டியின் ஒரு சக்கரத்தைக் காவு வாங்கினார். கேட்டதற்கு, "மலேசியாப் பெட்டி தாங்காதாக்கா?" என்று என்னிடமே விசாரித்தார். மலேசியாவில் நான் வேலை பார்ப்பது ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில். அங்கே பெட்டி உடைந்தால் யார் பொறுப்பு என்று உடனே சொல்லிவிடுவோம். இங்கே பொறுப்பு எப்போதும் பெட்டியுடையது.

வீட்டுக்குள் நுழைந்தால் சங்கரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்து நாலு வயசு. காட்டு வெயிலில் கறுத்து உரமேறின உடம்பு. இப்போது அந்த ஒரு கால் மட்டும் வேறு யாருடைய காலோ மாதிரி சூம்பிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவனும் அழுவான் என்று அவன் மனைவி கோமதியைத் திட்டினேன்.

"என்ன புள்ள, இப்படியா விடுவீங்க?"

"நான் என்ன செய்ய மதினி? ஊருல சொல்லாத வைத்தியம் பாக்கி இல்ல."

அது உண்மைதான் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. நான் வந்திருப்பது கேள்விப்பட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தார்கள். ஒருவர் ஆட்டுக்கால் சூப், ஒருவர் பிரண்டைத் துவையல், ஒருவர் நாட்டுக்கட்டு. எதிர்வீட்டு அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்து எடுத்து வந்து, உள்ளே கம்பி இருக்கிற காலில் பூசினார். தூரத்து அத்தை ஒருவர், "அம்பாளே ஒத்தக்கால்ல நின்னுல்லா தபசு பண்ணுதா. நமக்கு என்னல, பொறுத்துக்க" என்றார். அம்பாள் ஒற்றைக்காலில் நிற்பது வேண்டுதலுக்காக. என் தம்பி நிற்பது வேறு வழியில்லாமல். இதை நான் வாயைத் திறந்து சொன்னதும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மலேசியாக்காரி வந்துட்டால்லா, இனி கால் தன்னால சேந்துரும்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் என்னை மசிய வைத்தது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் வாங்கி வந்திருந்த ஆட்டு பிரியாணி. இந்த ஊர் பிரியாணிக்கு ஈடாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. கோலாலம்பூரில் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன், சீரகச் சம்பாவும் இல்லை, அந்தச் சால்னாவும் இல்லை. வயிறு நிறைந்தபின் கோபப்படுவது கஷ்டம். ஒரு மணி நேரம் யாரையும் திட்டாமல் இருந்தேன்.

அப்பா சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியும் நிமிர்ந்துதான் நடக்கிறார். "தம்பிய எந்த டாக்டர்ட்ட காட்டுனாலும் நான் கூடப் போகாம விட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் எனக்கு அன்றைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. வயதான காலத்தில் மகனுக்காக அலைகிறாரே என்று பாவமாக இருந்தது.

இரண்டாம் நாள் மதுரைக்குக் கிளம்பினோம். ஸ்டெம் செல் ஊசி போடுகிற இடம் அங்கேதான். நானும் சங்கரனும் அப்பாவும் வாடகைக் காரில். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே டயர் பஞ்சர். டிரைவர் அண்ணாச்சி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். அதிலும் காற்றில்லை.

"இது எப்ப பஞ்சர் ஆச்சு?" என்றேன்.

"இது போன வாரமே ஆயிட்டுக்கா."

"தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"இன்னைக்குப் பாத்து முன்டயர் போகும்னு கண்டனா?"

ஸ்டெப்னி எதற்காக இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பஞ்சர் ஒட்ட டயரை உருட்டிக்கொண்டு போய் ஒரு லோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம்.

எதிரே ஒரு பெட்டிக்கடை. "சர்பத் குடிச்சுட்டு வாரேன்" என்று சங்கரன் இரண்டு அக்குள் கட்டைகளையும் ஊன்றிக்கொண்டு போனான். அப்பா உடனே அந்தப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, காய்ந்து கிடந்த மக்காச்சோளக் காட்டைப் பார்க்க ஆரம்பித்தார். சொந்தக் காட்டையே அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

போனவன் வரவில்லை. மயங்கி விழுந்துவிட்டானோ என்று பயந்து ஓடினேன். கடைக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், கட்டைகளைச் சாத்திவிட்டு நல்ல காலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிகரெட்டைக் கீழே போட்டான். மிதித்து அணைக்க இன்னொரு கால் இல்லை. அது பாட்டுக்குப் புகைந்துகொண்டே கிடந்தது.

"யக்கா, அப்பாட்ட சொல்லிராத."

தலை நரைத்த ஆம்பிளை. அவன் வாயில் முதலில் வந்தது அதுதான். எங்கள் பக்கம் இது எழுதாத சட்டம். அப்பா முன்னால் மகன் புகைக்கக் கூடாது. புகைக்கிறவன் என்று அப்பாவுக்குத் தெரியவும் கூடாது. பேரன் எடுத்தவர்கள்கூட அப்பா தலை தெரிந்தால் சிகரெட்டைக் கைக்குள் மறைத்துக் கையைச் சுட்டுக்கொள்வார்கள். அதை மரியாதை என்பார்கள். எனக்குக் கல்யாணமாகி மலேசியா போனபோது சங்கரன் பள்ளிக்கூடப் பையன். அவனுக்கு இந்தப் பழக்கம் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"நெஞ்சைக் கெடுத்துக்கிடாதலே" என்று மட்டும் சொன்னேன். அப்போது எனக்கு நெஞ்சுதான் ஞாபகம் வந்தது. காலைப் பற்றி நினைக்கவில்லை.

மதுரையில் அந்த இடத்துக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி என்று சொல்ல மனம் வரவில்லை. வரவேற்பறையில் பெரிய மீன் தொட்டி, ஏசி, டிவியில் ஓயாமல் ஒரு படம். அதில் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மறுபடி உட்கார்கிறார். மறுபடி எழுகிறார். டை கட்டின ஒருவர் எங்களை உட்கார வைத்து, ஸ்டெம் செல் என்பது உடம்பின் விதை நெல் என்றார். எங்கே போட்டாலும் முளைக்குமாம். முழங்கால் வலிக்கும் அதேதான், சர்க்கரைக்கும் அதேதான், வழுக்கைக்கும் அதேதான்.

"இது யாரோட செல்?" என்றேன்.

"தரமான செல் மேடம்."

"யாரு உடம்புல இருந்து எடுத்தது?"

"லேப்ல இருந்து குப்பியில வருது மேடம். எல்லாம் இம்போர்ட்டட்."

"இவன் எக்ஸ்ரேயை டாக்டர் பாத்தாரா?"

"டாக்டர் ப்ரொசீஜர் அன்னிக்கு வருவாரு மேடம். நீங்க இன்னைக்கு புக் பண்ணிட்டா ஆடிச் சலுகை இருக்கு."

ஆடித் தள்ளுபடியில் சேலை வாங்கலாம். எலும்பு வாங்க முடியுமா? நான் எழுந்துவிட்டேன். அங்கே நின்று என்னவெல்லாம் சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. காலைப் பார்க்காமல், எக்ஸ்ரேயைப் பார்க்காமல், ஏன் சேரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மனுஷனின் காட்டை எழுதி வாங்கப் பார்க்கிறீர்களே, நீங்கள் நன்றாக இருப்பீர்களா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. காத்திருந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு எழுந்து வெளியே வந்தார்கள். அப்பா மட்டும், "கம்ப்யூட்டரெல்லாம் வச்சிருக்கானேம்மா" என்று தயங்கினார்.

திரும்பி வரும்போது சங்கரன் மெல்ல ஒன்று சொன்னான். கம்பி வைத்த டாக்டர் ஆறு மாதத்துக்கு முன்பே திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அங்கே இவன் உடம்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்துச் செய்கிறார்களாம். ஆராய்ச்சி என்பதால் கட்டணம் கிடையாது.

"பொறவு ஏம்ல போகல?"

"காசு வாங்காம பண்ணுதாம்னா, அது என்ன வைத்தியமா இருக்கும்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காட்டை விற்றுக் கொடுத்தால் நல்ல வைத்தியம், சும்மா கொடுத்தால் சந்தேகம்! காரில் இருந்ததால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக என் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன். டிரைவர் அண்ணாச்சி, "கைப்பிடி லூசா இருக்குக்கா, பாத்து" என்றார்.

மூன்றாம் நாள் திருநெல்வேலி. அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனோம். கோமதியும் வந்தாள். காலை நீட்டியே உட்கார வேண்டியவனுக்கு முன் இருக்கை கேட்டதற்கு, அதில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எங்கன இறங்கணும்?" என்று கேட்டு, கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து நின்றே வந்தார். கண்டக்டர் அந்தக் கூடைக்கு லக்கேஜ் கேட்டு அவரோடு சண்டைக்கு நின்றார். எனக்குக் கண்டக்டரோடு சண்டை போடுவதில் கொஞ்ச தூரம் போனதே தெரியவில்லை.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். எக்ஸ்ரேக்களை வரிசையாக வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்தார். இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு. வருஷம் ஓடியும் அது அப்படியே இருந்தது. காலை அழுத்திப் பார்த்தார், வெப்பம் பார்த்தார், ரத்தச் சோதனைகளைப் படித்தார். சீழ் இல்லை, சர்க்கரை இல்லை, கம்பி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றி, எலும்பு கட்டுகிற செல்கள் இருக்கிற பகுதியை மட்டும் செறிவாக எடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் செலுத்துவார்கள்.

"சேர்ந்துரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்குச் சேருது, சில பேருக்குச் சேரல. அதைத்தான் நாங்க படிச்சிட்டிருக்கோம். சேரலேன்னா எலும்பே எடுத்து வச்சுப் பெரிய ஆபரேஷன் பண்ணணும். அதுவும் கைகூடலேன்னா, காலம் முழுக்கக் கட்டைதான்."

இரண்டு நாளில் முதல் முறையாக எனக்கு ஒருவர் மேல் நம்பிக்கை வந்தது. சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறாரே!

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றார் டாக்டர். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? புகை, ரத்தக் குழாயைச் சுருக்கிரும். முறிஞ்ச இடத்துக்கு ரத்தம் போகாது. எலும்பு சேராததுக்கு அது பெரிய காரணம். நான் எடுக்கப்போற செல்லும் இதே உடம்புல இருந்துதான் வரணும். அதனால புகைக்கிறவங்களை நான் எடுத்துக்க மாட்டேன்."

"சேச்சே, இல்ல டாக்டர்" என்றான் சங்கரன்.

"அவுகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்" என்றாள் கோமதி. சொல்லும்போது அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை, முந்தின நாள் மக்காச்சோளக் காட்டைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது.

"சிகரெட் குடிக்கான் டாக்டர்" என்றேன். "முந்தாநாள் என் கண்ணால பாத்தேன். இவங்க எல்லாரும் பொய் சொல்லுதாங்க."

வெளியாள் முன்னால் என் வாயிலிருந்து ஊர்ப்பேச்சு வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. முந்தாநாள் இல்லை, நேற்றுதான். கோபத்தில் அதுகூடத் தப்பாக வந்தது. யாரும் திருத்தவில்லை.

அப்பா எழுந்தார். "நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். சங்கரன் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பாக்கெட் ஆகும் டாக்டர்" என்றான்.

"ஒரு நாளைக்கா?"

"படுத்தே கிடக்கேன்லா, அதான் கூடிட்டு."

"முதல்ல பார்த்த டாக்டரும் இதைக் கேட்டிருப்பாரே?"

"எல்லாரும் கேட்டாக. அப்பா இருந்தாக."

இதற்கு மேல் நான் என்ன எழுத? கம்பி வைத்த டாக்டர் கேட்டபோது அப்பா இருந்தார். கம்பியை மாற்றியபோதும் இருந்தார். பாசத்தோடு எல்லா இடத்துக்கும் கூடப் போனார். அவர் போன இடத்திலெல்லாம் உண்மை வாசலோடு நின்றுவிட்டது. என் தம்பியின் கால் இத்தனை காலம் மரியாதையில் கிடந்து சீழ் பிடிக்காமலே அழுகியிருக்கிறது. மதுரை டைக்காரன் மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. அவன் அந்நியன், காசுக்காகப் பொய் சொன்னான். இவர்கள்?

டாக்டர் திட்டவில்லை. மூன்று மாதம் முழுதாக விட்டுவிட்டு வரச் சொன்னார். சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பாராம், ஏமாற்ற முடியாதாம். விட்டால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். "விட்டுட்டாலே சில பேருக்குத் தன்னால சேர ஆரம்பிக்கும்" என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் சங்கரன் என்மேல் பாய்ந்தான். "யக்கா, நீ நாலு நாள்ல ஏரோபிளேன் ஏறிருவ. நான் அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"காலு போனபொறவு யாரு மூஞ்சில முழிப்ப?"

"ஒனக்குத் தெரியாது. மலேசியாவுல அதெல்லாம் கிடையாது."

"ஆமால. அங்க அப்பனுக்கு மரியாதை கொடுக்க எவனும் காலைக் கொடுக்க மாட்டான்."

கோமதி என் கையைப் பிடித்து இழுத்தாள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் கையை உதறிக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனேன். மருந்துக்கடை பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே தெரியும்."

"பொறவு ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிருமேட்டி. அவன் கூசிப் போயிருவான்லா. தெரு முக்குல வரும்போதே செருமிக்கிட்டுதான் வீட்டுக்குள்ள வருவேன், அவன் அணைச்சிக்கிடட்டும்னு."

"சிகரெட்டுக்கும் எலும்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு டாக்டருங்க சொன்னாங்கள்ல? காதுல விழலையா?"

அவர் மருந்துக்கடை போர்டைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் இரங்கவில்லை. அப்பா அழுவதை முதல் முறையாகப் பார்க்கிற மகள் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பிக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் நாலு பேரும் நாலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். அல்வா வாங்கிப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. திருநெல்வேலிக்கு வந்து அல்வா வாங்காமல் திரும்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோமதி உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சங்கரன் கட்டையை ஊன்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். கிணற்றடிதான் அவன் இடம் என்பது இப்போது எனக்கும் தெரியும். அவன் போன கொஞ்ச நேரத்தில் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதே வழியாகப் போனார். செருமவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

சங்கரன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. அப்பா அவனுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தினசரித் தாளை விரித்தார். ஒரு பக்கம் படித்து முடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சங்கரன் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தான். எழுந்து வீட்டுக்குள் வந்தான். அப்பாவும் எழுந்து நாற்காலியோடு வந்தார். சங்கரன் வாசலுக்குப் போனான். நாற்காலி வாசலுக்குப் போனது. எதிர்க்கடைக்குப் பிளேடு வாங்கப் போனான். அப்பா கூடவே போய் அவரும் ஒரு பிளேடு வாங்கிவந்தார். அவரைக் கோயிலுக்கு அழைக்க வந்தவர்களை, "இந்த வருஷம் தபசுக்கு நான் வரல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இதைப் போன வருஷமே செய்திருந்தால் என்ன என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்பா அந்த நாற்காலியை விடவில்லை. ராத்திரி சங்கரன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டார். சங்கரன் எரிச்சல் பட்டு, கோமதியிடம் கத்தி, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, எல்லாம் செய்தான். அப்பா முன்னால் பற்றவைக்க மட்டும் அவனால் முடியவில்லை.

நான் கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் நின்றது. சங்கரன் என்னோடு அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டையை ஊன்றி வாசல்வரை வந்தான். பின்னாலேயே நாற்காலியோடு அப்பா.

"யக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "போகும்போது இவுகளையும் மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

அப்பா நாற்காலியை அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கால் சேரட்டும்ல. பொறவு போறேன்."